இரண்டு சுற்று

இலக்கின் நடுவில் இருக்கிற மஞ்சளைப் பார்த்து விட்டால் அம்பு வெளிவட்டத்து நீலத்தில் போய்க் குத்தியது. ஒன்று தவறினால் காற்று என்று சொல்லலாம், கை நடுங்கியது என்று சொல்லலாம். ஆறும் போய் இலக்குத் தாளின் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரு கைக்குள் பிடித்துவிடலாம் போல நெருக்கி நின்றால் அதற்கு என்ன சொல்வது? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆறையும் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்திருப்பேன். கார்பன் அம்பு ஒடிந்தால் சிம்பு கையில் ஏறும் என்பதால் விட்டேன்.

நான் பஸ் ஓட்டுகிறவள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் ஏதாவது ஒரு போல்ட்டிலோ வாஷரிலோ உட்கார்ந்திருக்கும் என்று நம்புகிறவள். நேரம் சரியில்லை என்று சொல்கிற டிரைவரை எங்கள் டிப்போவில் யாரும் மதிப்பதில்லை. ஆனால் வில் மைதானத்தில் எனக்குக் கோச்சாக வாய்த்தவர் அந்த ரகம். அவரை நாங்கள் விசில் என்போம். கழுத்தில் தொங்குகிற விசில் வாயில் இருந்தால் ஊதுவார், இல்லாவிட்டால் பேசுவார், சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. வில்லில் ஏதோ கோளாறு சார் என்று நான் சொன்னபோது, எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சிரித்தார். விழுந்து அடிபட்ட தோளுக்குள் பயம் போய் உட்கார்ந்துகொண்டதாம், மனதைச் சரிசெய்தால் அம்பு தானாக மேலே ஏறுமாம். என் மனம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் வாயைத்தான் சரிசெய்ய வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. நான்கு பேரை எடுப்பார்கள். போன வருஷம் மழையில் பஸ் படியில் வழுக்கி வலது தோளில் விழுந்து, தசைநார் கிழிந்து, ஸ்டியரிங்கையும் தொடாமல் வில்லையும் தொடாமல் தோள் பயிற்சிக்கு ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அதற்கு முந்தைய வருஷம் வரை அணியில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. தொடர்ந்து இரண்டு வருஷம் இல்லையென்றால் அந்த இடத்துக்குப் புதிதாக ஆள் பழக்குவார்கள், அதற்குப் பிறகு கூப்பிட மாட்டார்கள். என் வயதில் அது எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் அதை வேறு வேறு மரியாதையான வார்த்தைகளில் ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தார்கள்.

எரிச்சல் என்னவென்றால், இந்தக் கோளாறு தொடங்கிய வாரத்தில்தான் நான் ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். என் வீட்டுக்காரர் வில் கடையில் ரிப்பேர் வேலை செய்கிறவர். இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருடைய வில்லும் அவர் கைபட்டதுதான். காம்பவுண்ட் வில் என்பது பாதி மெஷின். இரண்டு முனையிலும் சக்கரம், அதைச் சுற்றி நாணும் கேபிளும், குறி பார்க்க லென்ஸ் வைத்த சைட்டு. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறேன் என்று என் வில்லைக் கடைக்கு எடுத்துப் போனவர் மறுநாள் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். மைதானத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால் சைட்டு, நான் நகப்பூச்சால் போட்டு வைத்திருந்த கோட்டை விட்டு இறங்கியிருந்தது. வேலை செய்யும்போது கை பட்டிருக்கும் என்று பழையபடி கோட்டுக்கு ஏற்றி இறுக்கினேன். ஷிப்டு மாறி பஸ்ஸில் ஏறினால் முதலில் கண்ணாடியையும் சீட்டையும் என் அளவுக்குத் திருப்பி வைத்த பிறகுதான் சாவி போடுவேன். முந்தின டிரைவர் ஏன் மாற்றினார் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். அது மாதிரிதான் இதையும் செய்தேன்.

பிறகு நாணை இழுத்தேன். அது பாட்டுக்கு வந்தது. அதுவரை இழுக்கும்போதெல்லாம் தோளுக்குள் யாரோ ஊசி வைத்துத் தைப்பது போல இருக்கும், அன்று ஒன்றுமே இல்லை. அப்பாடா, தேறிவிட்டது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்பு கீழே விழுந்ததை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி இல்லாமல் இழுத்து மறந்துபோச்சு, நிற்கிற நிலை மாறியிருக்கும், இரண்டு நாளில் சரியாகும் என்று நினைத்தேன். சந்தோஷத்துக்கு யார் உட்கார்ந்து காரணம் தேடுவார்கள்? வீட்டுக்கு வந்து அவரிடம், இழுக்கறதே தெரியலீங்க, பூ மாதிரி வருது என்றேன். தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல், நல்லதுதானே என்றார்.

இரண்டு நாளில் சரியாகவில்லை. அப்புறமும் சரியாகவில்லை. சைட்டை இறக்கினால் அம்பு மேலே ஏறும், கொஞ்சம் இறக்கி வைத்துச் சுட்டுவிட்டுப் போங்களேன் என்றார்கள் மைதானத்தில். பிரேக் பிடிக்காத பஸ்ஸுக்குப் பெரிய ஹாரன் மாட்டச் சொல்கிற யோசனை அது. அம்பு ஏன் இறங்கியது என்று தெரியாமல் சைட்டை இறக்கி வைத்தால், தேர்வு நடக்கும்போது இன்னும் இறங்கினால் என்ன செய்வது? காரணம் தெரியாமல் நான் வண்டியை வெளியே எடுக்க மாட்டேன் என்றேன். பிடிவாதம் என்றார்கள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் ஆனால் சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து வில்லைக் கிடத்திவிடுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். சைட்டின் திருகு ஒவ்வொன்றும் இறுக்கமாக இருந்தது. அம்பு உட்காருகிற ரெஸ்ட் அசையவில்லை. நாணுக்கு நடுவில் கண் வைத்துப் பார்க்கிற வளையம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றுகின்றன. நாணில் பிசிறு இல்லை. அம்புகளை ஒவ்வொன்றாக வளைத்துக் காதில் வைத்துக் கேட்டேன், விரிசல் சத்தம் இல்லை. புது அம்பு வாங்கி விட்டுப் பார்த்தேன், அதுவும் பழைய அம்புகளோடு போய் நீலத்தில் சேர்ந்துகொண்டது.

இவ்வளவுக்கும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு டார்ச் பிடித்தார். இங்கே காட்டுங்க என்றால் இங்கே காட்டுவார், அங்கே என்றால் அங்கே. தானும் விரலால் தடவிப் பார்த்து, எல்லாம் சரியாத்தானே இருக்கு என்பார். கடைசியில் ஒருநாள் டார்ச்சை அணைத்துவிட்டு என் முதுகில் கை வைத்தார்.

"விட்டுடும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இந்த வருஷம் உடம்பு முக்கியம்."

அடுத்த வருஷம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன அன்று எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, வில் இல்லாமல் சும்மா கையைத் தூக்கி இழுத்துப் பார்த்தேன். தோள் ஏறுகிறதா, முழங்கை இறங்குகிறதா, விரல் உதறுகிறதா என்று பார்த்தேன். மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்துவிட்டு என் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்வார்களே, அந்தப் பெண்பிள்ளை நான்தானோ என்று தோன்றியது. டூட்டியில் பஸ்ஸைத் திருப்பும்போதுகூட, இந்தக் கை சரியாகத் திருப்புகிறதா என்று ஒரு விநாடி யோசனை வந்தது. அப்படி ஒரு யோசனை வருகிற டிரைவர் வண்டியில் இருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. மைதானத்தில் என் பக்கத்துக் கோட்டில் சுடுகிறவள் ஒரு பல் டாக்டர். என் உயரம், என்னை விடப் பத்து வயது சின்னவள், அக்கா என்பாள். வில் கோணலா நான் கோணலா என்பதற்கு ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது. வேறு ஆள் என் வில்லால் சுட வேண்டும். டாக்டர், ஒரு ஆறு அம்பு விட்டுத் தாங்க என்றேன். அவள் தயங்கினாள். முன்பு ஒரு தடவை எல்லோரும் விளையாட்டாக ஒருவர் வில்லை மற்றவர் இழுத்துப் பார்த்தபோது என்னுடையதை அவளால் பாதிகூட இழுக்க முடியவில்லை. இது வில்லா கடவாய்ப் பல்லா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். சும்மா முயற்சி பண்ணுங்க என்று கையில் கொடுத்தேன்.

அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நாண் வந்துவிட்டது. முகவாய் வரை வந்து நின்றது. கடித்த பல்லோடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்பை விட்டாள். நீலத்தில் போய்க் குத்தியது.

"அக்கா, இது உங்க வில்லுதானா?"

"ஏன் டாக்டர், பேர் எழுதியா வச்சிருக்கேன்?"

"இல்லக்கா. எனக்கு வருதே."

வில்லை வாங்கிக்கொண்டு சாமான் அறைக்கு ஓடினேன். அங்கே சுவரில் ஒரு கொக்கித் தராசு உண்டு, நாணை அதில் மாட்டி இழுத்தால் எத்தனை பவுண்டு என்று முள் சொல்லும். இழுவையை யாரும் தினமும் எடை போட்டுக்கொண்டிருப்பதில்லை, ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான். என் வில் ஐம்பத்துநாலு. முள் நாற்பத்தொன்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மறுபடி மாட்டினேன், அதே நாற்பத்தொன்பது.

வில்லின் மேல் கையையும் கீழ்க் கையையும் நடுக்கட்டையோடு பிடித்திருப்பவை இரண்டு பெரிய போல்ட்டுகள். முறுக்கினால் வில் இறுகும், கழற்றினால் இளகும். நான் எப்போதும் முழுக்க முறுக்கித்தான் வைப்பேன். ஆலன் கீயைப் போட்டு மேலே திருப்பினேன், இரண்டு சுற்று போய் நின்றது. கீழே திருப்பினேன், அங்கேயும் இரண்டு. அதிர்ச்சியில் தானாகக் கழன்றிருந்தால் ஒன்று கூட இருக்கும், ஒன்று குறைய இருக்கும். இது அளவெடுத்துக் கழற்றியது. அளவெடுத்துக் கழற்றுகிற கையை எனக்குத் தெரியும், அந்தக் கையோடுதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறேன்.

சைட்டு ஏன் கோட்டை விட்டு இறங்கியிருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. வில்லை இளக்கினால் அம்பு தாழும், கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கவும் செய்யும். தாழ்ந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சைட்டையும் அதற்குத் தக்கபடி இறக்கி வைத்திருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் மஞ்சளில் போய்க் குத்தியிருக்கும், நானும் தோள் தேறிவிட்டது என்று கடைசி வரை ஆடிப்பாடிக்கொண்டிருந்திருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம். நான்தான் கூறுகெட்டவளாட்டம் சைட்டைக் கோட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

கடைக்கு எப்படிப் போனேன் என்று ஞாபகம் இல்லை. ஒரு வாடிக்கையாளர் கையுறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கழற்றி வைத்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார், அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். நான் பெட்டியை மேஜையில் வைத்தேன். திறக்கவில்லை. அவர் பெட்டியைப் பார்த்தார், என் கையில் இருந்த ஆலன் கீயைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தூக்கத்துல நீ முனகற" என்றார். "தோளப் புடிச்சிக்கிட்டு. உனக்குத் தெரியாது. தினமும் கேட்டுக்கிட்டு நான் படுத்திருக்கேன்."

"எழுப்பிச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். அதனால என்கிட்ட சொல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

எலும்பு டாக்டர் வில்லின் பாரத்தைக் குறைக்கச் சொன்னார், நீ குறைக்கவில்லை, மறுபடி கிழிந்தால் ஸ்டியரிங்கும் போய்விடும் என்று எச்சரித்தார் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னார். எல்லாம் உண்மை. எனக்கு அதெல்லாம் தெரிந்ததுதான். தேர்வு முடிந்ததும் பழையபடி முறுக்கி வைத்துவிடலாம் என்று இருந்தாராம். நான் சைட்டைத் திருப்பி வைப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில், போட்ட கணக்கு ஒன்று தப்பிப்போன ரிப்பேர்காரனின் வருத்தம் இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு அதுவரை இருந்த கொஞ்ச நிதானமும் போய்விட்டது.

"போல்ட்டக் கழட்டினதக்கூட விடுங்க. நான் தேடினேனே. உக்காந்து டார்ச் புடிச்சீங்களே. புள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினீங்களே. என் கைதான் கெட்டுப்போச்சுன்னு நான் நினைச்சேன், அதப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நாளாக ஆகச் சொல்ல முடியல" என்றார்.

வலித்தால் நான் முதலில் சொல்வது இவரிடம்தான். தோளுக்குப் பயிற்சி தந்த பிசியோவிடம் மறைத்ததுகூட இவரிடம் மறைத்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் பூ மாதிரி வருதுங்க என்று ஓடி வந்து சொன்னேன். நல்லதுதானே என்று எனக்குப் பதில் சொன்னபோது இந்த மனிதருக்குச் சாப்பாடு எப்படி இறங்கியது? அதைக் கேட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவை அறைந்து சாத்த நினைத்தேன், அது தானாக மெதுவாக மூடுகிற கதவு, அதுகூட எனக்கு ஒத்துழைக்கவில்லை.

மைதானத்துக்குத் திரும்பி வந்து, முழுக்க முறுக்கிய வில்லால் சுட்டேன். சைட்டு என் கோட்டில். முதல் ஆறும் மஞ்சள். பக்கத்தில் டாக்டர் கை தட்டினாள், விசில் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு, பார்த்தாயா, மனசுதான் என்றார். இரண்டாவது ஆறும் மஞ்சள்தான். மூன்றாவதில் ஊசி தைக்க ஆரம்பித்தது. நான்காவதில் நாண் பாதி வழியில் நின்றுவிட்டது. இழுத்தேன். வரவில்லை. தோளுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒன்று ஓடியது. அம்பை விடாமல் நாணை மெல்லத் திருப்பி விட்டு, வில்லைத் தாங்கியில் மாட்டிவிட்டு, அம்புக்கூட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்துகொண்டேன். தேர்வில் எழுபத்திரண்டு அம்பு விட வேண்டும்.

என் வீட்டுக்காரர் செய்தது சரி. ஐம்பத்துநாலில் நான் பாதி தூரம்கூடத் தாங்க மாட்டேன். இதை நினைக்க நினைக்க எனக்குக் கோபம் தணியும் என்று பார்த்தால், இன்னும் கொதித்தது. தப்பு செய்தவரைத் திட்டித் தீர்த்துவிடலாம். சரியானதைத் திருட்டுத்தனமாகச் செய்தவரை என்ன செய்வது? தோள் தேறவில்லை என்பதை நானே ஒரு சாயங்காலம், நானே இழுத்து, நானே பாதியில் நின்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அழ வேண்டுமென்றால் அன்றைக்கே அழுதிருப்பேன். மறுநாள் நானே கீயை எடுத்திருப்பேன். இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்குக்கூட எனக்குப் புத்தி உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை.

கீயை எடுத்தேன். ஒரு சுற்று கழற்றினேன், மேலும் கீழும். ஆறு விட்டேன். வலித்தது, ஆனால் வந்தது. இன்னொரு ஆறு. அவர் வைத்த இரண்டு சுற்றுக்குப் போகலாமா என்று யோசித்துப் பார்த்து, வேண்டாம், இது தாங்கும் என்று முடிவு செய்தேன். பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு சைட்டை இறக்கினேன், பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்த்தினேன், ஆறும் மஞ்சளுக்கு வருகிற வரைக்கும் விட்டேன். இலக்குத் தாள் மங்கலாகிற நேரத்துக்குத்தான் வந்தது. புதுக் கோடு போட்டேன்.

சனிக்கிழமை பஸ் ஓட்டினேன். வீட்டில் சாப்பாடு போட்டேன், பேச்சு போடவில்லை. அவர் நாலைந்து தடவை தொண்டையைச் செருமினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வில் பெட்டியைத் தூக்க எப்போதும் போலக் கை நீட்டினார், நான் இடது கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

தேர்வைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் பாதி நன்றாகப் போனது. இரண்டாம் பாதியில் ஒவ்வொரு அம்புக்கும் தோளிடம் கெஞ்சினேன், கெஞ்சி முடியாதபோது திட்டினேன். இரண்டு அம்பு மஞ்சளை ஒட்டிய சிவப்புக்குப் போனது, அது என் கை செய்தது, வில் செய்ததில்லை. எது எது செய்தது என்று தெரிந்து சுடுவதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கடைசி ஆறில் நாணை இழுக்கும்போது கண்ணில் நீர் தானாக வழிந்தது, லென்ஸில் மஞ்சள் கலங்கியது, கலங்கியதைப் பார்த்துத்தான் விட்டேன். நான்காவது இடம். ஐந்தாவதாக வந்தவளுக்கும் எனக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். விசில் மைக்கில் என் பெயரைப் படித்துவிட்டு மனவலிமை பற்றி இரண்டு நிமிஷம் பேசினார்.

என் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறார். நான் வெளியே வந்ததும் கிட்டே வந்தார். சந்தோஷம் என்றார். முகத்தில் அது நிஜமாகவே இருந்தது. எத்தனை சுற்றில் வைத்தாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். என் வலது கை பெட்டியின் பிடியைக்கூடப் பிடிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தது, விரல் நுனி வரை எரிந்தது. அன்று ராத்திரி கட்டாயம் முனகுவேன் என்று எனக்கே தெரிந்தது. பக்கத்து அறையில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"வலிக்குதா?" என்றார்.

அவரிடம் நான் வலியை மறைத்ததே இல்லை. சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறேன் என்று வில்லை வாங்கிப் போன அன்று இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஆமாங்க, ரொம்ப என்று சொல்லியிருப்பேன்.

"இல்ல" என்றேன்.

நம்பிவிட்டார்.